இருபது பெட்டி

காலையில் சேவல் கூவி நான் எழுவதில்லை. நான் எழுந்து அடுப்படி விளக்கைப் போட்ட பிறகுதான் எங்கள் சேவலுக்கு விடிந்த விவரமே தெரியும். அது கூவுவதற்குள் முயல்கள் கம்பியைக் கடிக்க ஆரம்பித்துவிடும், நாய் பின்கதவைப் பிறாண்டும், கூண்டுக்கு மேல் போர்த்திய பழைய சேலையைத் தாண்டி லவ் பேர்ட்ஸ் நாலும் கத்தித் தீர்க்கும். ஒவ்வொன்றுக்கும் தீனி வைத்து, தண்ணீர் மாற்றி, கழிவை அள்ளிக் கொட்டிவிட்டு ஒரு வாய் காபி குடிக்க உட்காரும்போது மணி ஏழரை. எட்டரைக்கு ஏலக்காய் குடோனில் இருக்க வேண்டும். அங்கே சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிராமல் காய் பொறுக்கிவிட்டு வந்தால், மறுபடியும் இதுகள் எல்லாம் என் காலைச் சுற்றும். இதில் ஒன்றைக்கூட நான் ஆசைப்பட்டு வளர்க்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. "ஒனக்குத்தான் வாயில்லா ஜீவன்னா உசுராச்சே" என்பார்கள். உசுரு போகிறது என்பது எனக்குத்தானே தெரியும்.

முயல் மகளுடையது. பத்தாம் வகுப்பு லீவில் ஒரு ஜோடி வேண்டும் என்று அழுது வாங்கினாள். லவ் பேர்ட்ஸும் அவள்தான். நாய், அவள் டியூசன் விட்டு வரும்போது பின்னாலேயே வந்தது. "நான் பாத்துக்கிறேம்மா, நீ ஒண்ணுமே செய்ய வேண்டாம்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தவள் இப்போது மதுரையில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். முதல் தடவை அவளை ரயிலேற்றிவிட்டு ஸ்டேஷனில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன், இவள் ஜன்னல் கம்பியில் மூஞ்சியை வைத்துக்கொண்டு, "அம்மா, வெள்ளை முயலுக்கு முட்டைக்கோஸ் போட்ராத, வயிறு ஊதிரும்" என்கிறாள். நீ தனியாக என்னம்மா செய்வாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோழிகள் எப்படி வந்தன என்பது எனக்கே சரியாக ஞாபகமில்லை. ஒன்று வந்தது, பதினொன்றாகிவிட்டது.

தேனீ மட்டும் என் வீட்டுக்காரருடையது. அதுதான் இதில் பெரிய கதை.

அவர் மேலே மலையில் ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். திங்கட்கிழமை காலையில் ஜீப்பில் ஏறினால் சனிக்கிழமை பொழுது சாயத்தான் இறங்குவார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். போடியில் பாதி வீட்டில் இதுதான் நடப்பு, ஆம்பளைகள் மேலே, பொம்பளைகள் கீழே. அதனால் இதை ஒரு குறை என்று யாரிடமும் சொல்லவும் முடியாது. தேவாரம் ரோட்டுப் பக்கம் வயலைப் பிளாட் போட்டு விற்றபோது ஐந்து சென்ட் வாங்கி வீடு கட்டினோம். பால் காய்ச்சிய அன்று அவர் மலையிலிருந்து இரண்டு தேன்பெட்டிகளை ஜீப்பில் கொண்டுவந்து பின்பக்கம் இறக்கினார்.

"இது இருபது பெட்டி ஆகட்டும் புள்ள. சோத்துக்குக் கவலையில்ல. மலைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுக் கீழ வந்துர்றேன்" என்றார்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. நம்பினேன். ராத்திரி கதவுக்குப் பின்னால் கம்பு வைத்துப் படுக்க வேண்டாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தனியாக ஆட்டோ தேடி ஓட வேண்டாம், சாயங்காலம் இரண்டு டம்ளர் காபி ஆற்றலாம். எனக்கு வேண்டியதெல்லாம் இவ்வளவுதான். கேட்டால் சின்ன ஆசை. அதற்கு இருபது பெட்டி என்று ஒரு விலை சொல்லிவிட்டு அவர் திங்கட்கிழமை ஜீப்பில் ஏறிவிட்டார். பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன்.

தேனீயைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் சுறுசுறுப்பைத்தான் பேசுகிறார்கள். அது பறந்து போய்ப் பூவில் உட்காருகிற நேரத்தில் அதன் வீட்டை யார் பார்க்கிறார்கள்? பெட்டி நிற்கிற கால் ஒவ்வொன்றுக்கும் கீழே கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு ஏறிவிடும். வெயிலில் அந்தத் தண்ணீர் ஒரே நாளில் வற்றும். மழைக்காலத்தில் பூ இருக்காது, சீனிப்பாகு காய்ச்சி ஆற வைத்து உள்ளே வைக்க வேண்டும். என் பிள்ளைக்குக்கூட நான் அத்தனை பதமாகப் பால் ஆற்றியதில்லை. அசந்தால் மெழுகுப்பூச்சி விழுந்து அடையெல்லாம் சிலந்தி வலை பிடித்த மாதிரி ஆகிவிடும். கோழிகள் வேறு பெட்டிக்கு அடியில் செத்து விழுகிற தேனீயைப் பொறுக்கப் போகிறேன் என்று கால்களை இடித்துத் தள்ளப் பார்க்கும். எத்தனை தடவை கொட்டு வாங்கியிருப்பேன் என்று தெரியாது. ஒரு தடவை கண்ணிமை வீங்கி, அப்படியே குடோனுக்குப் போய் ஒற்றைக் கண்ணால் காய் பொறுக்கினேன்.

இதுபோக ஒரு அவமானம் உண்டு. தேனீ கூட்டுக்குள் அசிங்கம் செய்யாது, பறந்து வெளியே வந்துதான் செய்யும். மஞ்சள் மஞ்சளாகச் சொட்டு விழும். எங்கே விழும்? பக்கத்து வீட்டு அக்கா வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கென்று வெளுத்துக் காயப்போட்டிருக்கிற அவர் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையில். அவர்களுக்குப் பஜாரில் பலசரக்குக் கடை. அக்கா மதிலுக்கு மேல் சட்டையைத் தூக்கிக் காட்டுவார்.

"இந்தா பாரு, ஒம் மருமக்கமாரு கோலம் போட்டுட்டுப் போயிருக்காளுக. இத நான் யாருகிட்ட சொல்ல?"

நான் சட்டையை வாங்கிக்கொண்டு வந்து துவைத்துக் கொடுப்பேன். நோன்பு மாதம் முழுக்க அதே மதிலுக்கு மேல் கஞ்சித் தூக்குவாளியும் வரும். அந்த மனுஷி இல்லையென்றால் நான் பேச ஆளில்லாமல் முயலோடு பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

பெட்டி ஐந்தானது, எட்டானது. ஒரு மழையில் மூன்றாகக் குறைந்தது. மறுபடி ஏறியது. பதினாறு வரை வந்த வருஷம், அவர் அக்கா மகனுக்குப் பொட்டிபுரத்தில் கல்யாணம். தாய்மாமன் சீர் என்று நாலு பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். மோதிரம் போடுவார்கள், பீரோ கொடுப்பார்கள், உயிரோடு கொட்டுகிற சீரை எங்கள் குடும்பத்தில்தான் பார்த்தேன். "நல்ல காரியம், மறுக்க முடியுமா?" என்றார். அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் பதினேழு ஆனபோது தேவாரத்தில் ஒரு கூட்டாளிக்கு ஐந்து பெட்டி. அவன் தோட்டத்தை யானை மிதித்துவிட்டதாம், பாவமாம். அன்று காய்ச்சிய சீனிப்பாகைக் கரிய விட்டுவிட்டேன். ஒவ்வொரு பெட்டி போகும்போதும் அவர் இறங்கி வருகிற நாள் ஒரு படி மேலே ஏறிப்போய் உட்கார்ந்துகொள்கிறது என்று ஏன் இந்த மனுஷனுக்குப் புரியவில்லை? அப்படித்தான் நினைத்தேன். அவருக்குப் புரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மகள் மதுரைக்குப் போன பிறகு வீடு வாய் மூடிக்கொண்டது. அந்த வருஷம் எனக்குள் ஏதோ ஒரு வெறி வந்தது. இனி இவரை நம்பினால் ஆகாது, நானே இருபது ஆக்கிக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். கூட்டம் பெருத்த பெட்டியை எப்படிப் பிரிப்பது, ராணி இல்லாத பக்கத்துக்கு ராணி முட்டை உள்ள அடையை எப்படி மாற்றுவது என்றெல்லாம் அவர் சனி ஞாயிறு செய்வதை நின்று பார்த்துக் கைக்குப் பழக்கிக்கொண்டேன். தேங்காய் நாரைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டு, மகளின் பழைய சுடிதார் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்து, மொட்டை மாடியில் வடகம் காயப்போட்ட அக்கா, "யாத்தே, கொள்ளைக்காரி மாதிரியே இருக்கியேடி" என்று சிரித்தார். தை முடியும்போது பத்தொன்பது பெட்டி.

இருபதாவது தானாக வந்தது. மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, குடோனுக்குக் கிளம்பி வாசலைப் பூட்டுகிறேன், பின்பக்கம் மோட்டார் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். போய்ப் பார்த்தால் முருங்கை மரத்தில் ஒரு முழ நீளத்துக்குத் தேனீ திரண்டு தொங்குகிறது. எங்கிருந்து பிரிந்து வந்ததோ! காலி பெட்டியில் பழைய கூட்டத்து அடை ஒன்றை வைத்து, ஸ்டூல் போட்டு ஏறி, பெட்டியைத் தோளில் தாங்கிக்கொண்டு கிளையை உலுக்கினேன். பாதி பெட்டிக்குள், பாதி என் மேல். அக்கா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "வேணாம்டி, விட்ரு, விழுந்து கிழுந்து வைக்காத" என்று கத்துகிறார். ராணி உள்ளே போனதை நான் பார்த்தேன். அது போனதும் மற்றதெல்லாம் வரிசை பிடித்து உள்ளே நுழைந்தன. அன்று குடோனுக்கு அரை நாள் தாமதம், திட்டு. எதுவும் உறைக்கவில்லை. எனக்கு அத்தனை சந்தோஷம்.

மலையில் அவர் இருக்கிற இடத்தில் டவர் கிடையாது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு வளைவுக்கு நடந்து வந்து அங்கிருந்துதான் போன் செய்வார். அன்றைக்கு மணி அடித்தவுடனே, "இருபது ஆச்சுங்க" என்றேன்.

"என்ன இருபது?"

"என்ன இருபதா? பெட்டிங்க! இருபதாவது கூட்டம் நம்ம முருங்கையில வந்து ஒக்காந்துச்சு. நானே புடிச்சு அடைச்சுட்டேன்."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம்தான் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"அப்படியா" என்றார். கொஞ்சம் கழித்து, "சரி புள்ள. இந்த ஒரு பூ முடியட்டும். ஏலப்பூ தேனு எடுத்துட்டு மொதலாளிகிட்ட சொல்லிர்றேன்."

பெட்டிகளை ஒவ்வொரு வருஷமும் ஏலம் பூக்கிற நேரத்தில் மேலே கொண்டுபோவது வழக்கம்தான். தேனீ இருந்தால் காய் நன்றாகப் பிடிக்கும் என்று தோட்டத்து முதலாளிக்கும் சம்மதம். இந்தத் தடவை இருபதையும் ஏற்றினார். இரண்டு இங்கே இருக்கட்டுமே என்றேன். "கடேசி வருசம், ஒத்தப் பூவும் வீணாப் போகக் கூடாது" என்று சிரித்தார். ஈரச் சாக்கைக் கிழித்துப் பெட்டிகளின் வாசலை அடைத்து, வைக்கோல் பரப்பிய ஜீப்பில் அடுக்கி, கயிறு போட்டார்கள். ஜீப்பு தெருமுனை திரும்புகிற வரை நின்று பார்த்தேன். என் புருஷனைக் கொண்டுவரப் போகிற வண்டி என்று ஒரு நினைப்பு.

அதன் பிறகு ஆடி வந்தது.

தோட்டத்தில் பூச்சிக்கு மருந்து அடிக்கிற நாளில் தேனீயை வெளியே விட்டால் செத்துப்போகும். அதனால் முதல் நாள் பொழுது சாய்ந்து எல்லாம் கூட்டுக்குத் திரும்பிய பிறகு, ஈரச் சாக்குத் துணியை வாசலில் திணித்து அடைத்துவிடுவார். மறுநாள் மருந்து அடித்து நெடி அடங்கியதும் சாயங்காலம் திறந்துவிடுவார். மருந்து எப்போது அடிப்பது என்று முடிவு செய்கிறவரும் அவர்தான், பெட்டியை அடைக்கிறவரும் அவர்தான் என்பதால் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் பிசகியதில்லை. அந்த வாரம் சனிக்கிழமை மருந்து என்று வெள்ளிக்கிழமை அந்தியில் அடைத்திருக்கிறார். சனிக்கிழமை விடியும்போதே மழை. மழையில் மருந்து அடிக்க முடியாது, ஆட்களை அனுப்பிவிட்டார். மழை விட்டதும் வழக்கம்போல ஜீப்பில் ஏறிக் கீழே வந்துவிட்டார். பெட்டிகள் அடைத்தபடியே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். சாப்பிடும்போது, "பெட்டியெல்லாம் எப்படி இருக்குங்க? தேனு ஏறுதா?" என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை ஒரு நொடி நின்றது. "நல்லா இருக்கு" என்றார். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். சாப்பிட்டு எழுந்து, மூன்று மணி வரை படுத்திருந்தார். அன்றைக்கு நல்ல வெயில். மேலேயும் நல்ல வெயில் அடித்ததாகப் பிறகு சொன்னார்.

திங்கட்கிழமை ராத்திரி ஏழு மணிப் போனில் புள்ள, புள்ள என்று மட்டும் இரண்டு தடவை கூப்பிட்டார். "என்னங்க, ஒடம்புக்கு என்ன?" என்று நான் பதறினேன்.

"எல்லாம் போச்சு புள்ள. தொறக்க மறந்துட்டேன்."

வெளியே போக வழியில்லாமல் கூட்டம் முழுக்கத் தவித்து, அந்தச் சூட்டில் அடை உருகி இறங்கி, தேனிலேயே ஊறி அடியில் குவியலாகக் கிடந்ததாம். மூன்று பெட்டியில் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்திருக்கிறது. அதுவும் நாலு நாள் தாங்கவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்படியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முருங்கையிலிருந்து நான் உலுக்கி இறக்கிய அந்தக் கூட்டத்தைத்தான் நினைத்தேன். எங்கிருந்தோ வந்து என் வீட்டை நம்பி நுழைந்தது. பேசாமல் விட்டிருந்தால் எங்காவது ஒரு மரப்பொந்தில் பிழைத்துக் கிடந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலிப் பெட்டிகளை ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். மறுநாள் இரண்டு பேரும் பின்பக்கம் உட்கார்ந்து கத்தியால் மெழுகைச் சுரண்டி, கழுவி, வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். அவர்தான் பேசினார்.

"விடு புள்ள. மறுபடி ரெண்டு பெட்டியில இருந்து ஆரம்பிப்போம். மாசியில கூட்டம் பிரியாமயா போயிரும்? இருபது என்ன பெரிய இருபது."

இந்த மனுஷனுடைய முகத்தைவிடக் குரல்தான் எனக்கு அதிகப் பழக்கம். வாரத்தில் ஐந்து நாள் போனில் கேட்கிற குரல். சளி பிடித்தால் தெரியும், பொய் சொன்னால் தெரியும், முதலாளி திட்டியிருந்தால் தெரியும். அந்தக் குரலில் துக்கம் இல்லை. பாரம் இறக்கி வைத்தவன் குரல் அது. கத்தியைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. போன ஞாயித்துக்கிழம சாப்புடுறப்ப நான் பெட்டியப் பத்திக் கேட்டேன்ல. அப்ப ஒங்களுக்கு நெனப்பு வந்துச்சா, இல்லையா?"

அவர் சுரண்டிக்கொண்டே இருந்தார். சுரண்ட அதில் ஒன்றுமில்லை, வெறும் பலகை.

"வந்துச்சு."

"அப்ப மணி ரெண்டுகூட ஆகல. மேல போற பஸ்சு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"போயிருந்தா?"

"பாதியாவது பொழச்சிருக்கும்."

"பஸ்சுக்காரங்ககிட்ட தோட்டத்து வாட்ச்மேனுக்குச் சொல்லி விட்டிருந்தாக்கூட வந்து தொறந்திருப்பாரே. அப்புறம் ஏன்? ஏன் போய்ப் படுத்தீக?"

பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார்.

"இருபது ஆச்சுன்னு நீ போன்ல சொன்ன அன்னைக்கே எனக்குப் பயம் வந்துருச்சு" என்றார். "இங்க வந்து நான் என்ன செய்வேன்? மேல எந்திரிச்சா நாப்பது பேரு அண்ணே அண்ணேன்னு முன்னால நிக்கிறாக. இங்க சனிக்கிழம வந்தா நாயி என்னையப் பாத்துக் குலைக்குது. நீ ஒம்பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்க. நான் எங்க நின்னாலும் கொஞ்சம் தள்ளுங்கங்கிற. எம் மக ஒங்கிட்டத்தான் பேசுறா, எங்கிட்ட நல்லாருக்கியாப்பான்னு மட்டும் கேக்குறா. நான் இந்த வீட்டுக்கு விருந்தாளி புள்ள. ரெண்டு நாளைக்குன்னா கறிக்கொழம்பு வைப்ப. தெனமும் இருந்தா? எனக்கு இங்க என்ன சோலி இருக்கு? எல்லாத்தையும் நீ பழகிட்ட."

"நான் பழகிட்டேனா?" என்று கேட்டேன். என் சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. "யாரு பழக்குனா? ஆசப்பட்டா பழகுனேன்? நீ வருவ வருவன்னுதானே இத்தனையும் கட்டி அழுதேன்! வர இஷ்டமில்லன்னா அத வாயத் தொறந்து சொல்லணும். அதுக்கு அந்த உசுருகளக் கொல்லுவியா?"

இருபது வருஷத்தில் அவரை நான் 'நீ' என்று சொன்னது அன்றுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி அலசுகிற சத்தம் நின்றுபோனது. அக்காவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றிருந்தது.

"இனிமே பெட்டி, இருபது, ஏலப்பூன்னு எங்கிட்ட ஒரு பேச்சு வரக்கூடாது" என்றேன். "வந்தா வாங்க. வராட்டி அங்கேயே இருங்க. எதிர்பாத்து எதிர்பாத்து எனக்கு அலுத்துப்போச்சு. சத்தியமா அலுத்துப்போச்சுங்க."

அன்றிரவு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை என்றால் ஐந்தரைக்குள் அவருடைய பை தயாராக இருக்கும். துவைத்து மடித்த கைலி, சட்டை, பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், போன வாரம் கொண்டுவந்த காலி டப்பாக்களில் புதிதாக ஏதாவது. இதை நான் ஒரு வாரமும் தவறவிட்டதில்லை, காய்ச்சலில்கூட. அன்றைக்கு எடுத்து வைக்கவில்லை. கோபத்தில் என்று சொல்ல மாட்டேன். கை எழவில்லை, அவ்வளவுதான். பின்வாசல் படியில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து முயலுக்குக் கீரைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் குளித்து, சட்டை போட்டு, பையைத் தேடி உள்ளே இரண்டு தடவை நடந்தார். காலிப் பை ஆணியில் தொங்கியது. பார்த்திருப்பார்.

தெருமுனையில் ஜீப்பு ஹாரன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தது. பிறகு வாசலுக்கே வந்து நின்றது. உள்ளே பொம்பளைகள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது, பச்சை ஏலக்காய் எடுக்கப் போகிற ஆட்கள்.

"அண்ணே, வர்றீகளா? வெரசா வாங்க, மேட்டுல மழ புடிச்சுக்கும்" என்று டிரைவர் கூப்பிட்டார்.

என் வீட்டுக்காரர் நடையில் நின்று என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை எதிர்பார்த்தார் என்பது எனக்குத் தெரிந்தது. போயிட்டு வாங்க என்றால் போயிருப்பார். போகாதீங்க என்றாலும், என்மேல் பழியைப் போட்டுக்கொண்டு நின்றிருப்பார்.

"என்னைய எதுக்குப் பாக்குறீக? ஒங்க காலு, ஒங்க ஜீப்பு" என்றேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அழுதிருப்பேன்.

அவர் வாசலுக்குப் போனார். செருப்புப் போடுகிற சத்தம் கேட்டது. சரி, போகிறார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அத்தோடு தீர்ந்தது என்றுகூட நினைத்தேன்.

"இன்னைக்கு வரலப்பா. நீங்க கெளம்புங்க" என்று அவர் சொன்னது கேட்டது. "மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"நாளைக்கா வர்றீக, அண்ணே?"

"இல்லப்பா."

ஜீப்பு போனது. சத்தம் தேய்ந்து மெயின் ரோட்டில் கலக்கிற வரை கேட்டேன். கோழிகள் கூட்டுக்குள் கொக்கரித்தன. இன்னும் திறந்துவிடவில்லை. அவர் வீட்டைத் தாண்டிப் பின்பக்கம் வந்து, எனக்கு இரண்டடி தள்ளி, எங்கே நிற்பது என்று தெரியாத மாதிரி நின்றார். சட்டைக் கையை மடித்தார், பிறகு இறக்கிவிட்டார்.

"இப்ப நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

ஐம்பது வயதுக்காரர். நாற்பது பேரை வேலை வாங்குகிற ஆள். நான் அவரை ஏறிட்டுப் பார்த்தேன். தீனிக்கு நிற்கிற நாய், தண்ணீருக்கு நிற்கிற முயல், திறந்துவிடக் கத்துகிற கோழி, எல்லாம் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முயலுக்குத் தண்ணி மாத்துங்க" என்றேன்.

"வாளி எங்க இருக்கு?"

அவர் காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பதினொரு வருஷமாக அங்கேதான் இருக்கிறது. நான் கேட்டதெல்லாம் இவரைத்தான், இதோ வந்து நிற்கிறார். நாளை முதல் இவருக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும், அதையும் நான்தான் செய்ய வேண்டும். அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பி அழுதேன். அவர் பயந்துபோய்க் குனிந்து, வாளியைத் தானே பார்த்து எடுத்து, குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டார். நான் நிறுத்துவேன் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நான் நிறுத்தவில்லை.

"எம்புட்டு ஊத்தணும்?" என்று கேட்டார்.